ரப்பர் ஷீட்டுக்கு ஊற்றும் ஆசிட் கையில் தெறித்துவிட்டது, பயப்பட வேண்டுமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருக்கிறது. நாங்களே பால் வெட்டி, வீட்டுக்குப் பின்னால் ஷீட் அடிக்கிறோம். பால் உறைவதற்குப் பார்மிக் ஆசிட்டைக் கடையில் அளந்து வாங்கி, பழைய தண்ணீர் பாட்டிலில் வைத்திருக்கிறோம். போன வாரம் பாட்டிலைத் திறக்கும்போது என் கணவரின் முன்கையில் தெறித்துவிட்டது. ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு டூத்பேஸ்ட் தடவினார். கொப்புளம் உடைந்து அந்த இடம் வெளுத்துக் கிடக்கிறது, ஆனால் வலி இல்லை என்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு. ஆசிட் கலக்கும்போது எனக்குக் கண் எரிந்து இருமல் வருகிறது. இதனால் கேன்சர் வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். என்ன செய்ய, டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவரைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மீதியை வந்து படித்துக்கொள்ளலாம். வலி இல்லை என்று அவர் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆசிட் மேல்தோலைத் தாண்டி ஆழமாக இறங்கிவிட்டால் வலியைச் சொல்லும் நரம்பு முனைகளும் சேர்ந்தே வெந்துபோகும், அதனால் சிவந்து எரிகிற புண்ணைவிட, வெளுத்துப்போய் தொட்டால் மரத்துக் கிடக்கிற புண்தான் பல நேரம் மோசமானது. கூடவே சர்க்கரை. அது புண்ணை ஆற விடாது, சீழ் பிடித்தாலும் லேசில் தெரியாது. டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாகிறது என்று அங்கே கேட்பார்கள், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை (வரக்கூடாது, ஆனால் இந்தத் தொழிலில் வரும்) ஒரு மக் தண்ணீர் போதாது. குழாயடியிலோ கிணற்றடியிலோ நின்று, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். 20 நிமிடம் என்பது நினைப்பதைவிட ரொம்ப நீளம், இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும், அதனால் பக்கத்தில் ஒருவர் மணி பார்த்துக்கொண்டு நிற்கட்டும். கழுவும்போதே ஆசிட் பட்ட துணியைக் கழற்றிவிடுங்கள். வாட்ச், மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கூட, ஏனென்றால் அவற்றுக்கு அடியில் தங்குகிற ஆசிட் கழுவி முடித்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும். பேஸ்ட், தேங்காயெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஆசிட்டைச் சோடா உப்பு முறிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகத்தில் சிலர் அதைத் தேடி ஓடுகிறார்கள். தோலின் மேல் அந்த வேலை நடந்தால் அங்கேயே சூடு கிளம்பும், தேடுகிற நேரத்தில் கழுவவும் முடியாமல் போகும்.

கண்ணில் பட்டால் இன்னும் அவசரம். பெஞ்சில் படுக்க வைத்து, பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, ஒருவர் இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூக்குப் பக்கத்திலிருந்து நிதானமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவர் கத்துவார், கண்ணை இறுக்கி மூடுவார், விட்டுவிடாதீர்கள். 20 நிமிடம் கழித்து நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்தெல்லாம் அவர் பார்த்துத் தரட்டும்.

கடையில் பெரும்பாலும் கிடைப்பது 85 சதவீத பார்மிக் ஆசிட். அதில் 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் சேர்த்தால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல் ஆகும், பால் உறைய ஊற்றி வைக்கிற டிஷ்ஷில் பாலோடு சேர்வது அந்த அளவுக்கு நீர்த்ததுதான். அது கையில் பட்டால் வெடிப்பில் எரியும், தினமும் பட்டால் தோல் வறண்டு உரியும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் அபாயமெல்லாம் காலையில் மூடியைத் திறந்து அளந்து ஊற்றுகிற அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. அதற்கு மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும்: முழங்கை வரை வருகிற தடித்த ரப்பர் கையுறை (ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிசு உறை இதற்கு ஆகாது), பக்கவாட்டிலும் மூடுகிற பிளாஸ்டிக் கண்ணாடி, காலில் செருப்புக்குப் பதில் ஷூ. எப்போதும் தண்ணீரை முதலில் எடுத்து அதில் ஆசிட்டை ஊற்றுங்கள், தலைகீழாக வேண்டாம். வெயிலில் கிடந்த கேனுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், மூடியை முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். உங்கள் கணவர் மேல் தெறித்ததும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இருமலுக்கு வருகிறேன். இந்த ஆசிட்டின் ஆவி கண், மூக்கு, தொண்டை மூன்றையும் எரிக்கும். தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்குக் காற்றில் 10 லட்சத்தில் 5 பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஷெட்டுக்குள் கலக்கினால் அந்த வரம்பைத் தாண்டுவது கஷ்டமே இல்லை. முகத்தில் கட்டுகிற துண்டு ஆவியைத் தடுக்காது. திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று கலக்குங்கள். அதன் பிறகும் இருமலோ இளைப்போ நீடித்தால், அல்லது ராத்திரியில் இழுப்பு வந்தால், நெஞ்சுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆஸ்துமா இருப்பவர் வீட்டில் யாராவது இருந்தால் அவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

கேன்சர் பயத்தை விட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் பார்மலினையும் இதையும் போட்டுக் குழப்புகிறார். 2018-இல் கேரளாவில் மீனில் கலந்திருப்பதாகப் பிடித்தார்களே, அது பார்மலின். அதிலுள்ள பார்மால்டிஹைடு புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பட்டியலில் பார்மிக் ஆசிட் கிடையாது.

சரி, உங்கள் கடிதத்தில் கையில் பட்ட புண்ணைவிட என்னைப் பதற வைத்தது அந்தத் தண்ணீர் பாட்டில். மூன்று வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில், பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கிற 85 சதவீத ஆசிட், தண்ணீர் பாட்டிலில்! தாகத்தில் இருட்டில் பெரியவர்களே எடுத்துக் குடித்துவிடலாம். உள்ளே போனால் வாய், உணவுக்குழாய், வயிறு வெந்துபோவதோடு நிற்காது, ரத்தத்தில் அமிலம் ஏறி, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலிழக்கும். பிழைத்துக்கொண்டவர்களுக்கும் உணவுக்குழாய் சுருங்கிப்போய், கஞ்சி இறங்காமல் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும். ரப்பர் விளைகிற ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு இது பழகிய நோய். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெந்த வழியே ஆசிட் திரும்பி வந்து இரண்டாவது முறை வேக வைக்கும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், முட்டை எதுவும் வேண்டாம். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, 108-ஐக் கூப்பிட்டு, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

இன்றைக்கே அந்தப் பாட்டிலைக் காலி செய்யுங்கள். ஆசிட் வந்த அசல் கேனோடு வாங்குங்கள், அது முடியாவிட்டால் கடைக்காரரிடம் லேபிள் ஒட்டிய ஆசிட் கேனாகவே கேளுங்கள். வீட்டுக்கு வெளியே, நிழலில், பூட்டி வையுங்கள். பூட்டு குழந்தைக்காக மட்டும் இல்லை. மனசு உடைந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இது இருக்கக்கூடாது, அப்படி யாராவது வீட்டில் தவிப்பது தெரிந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போட்டுப் பேசலாம், இலவசம்.

ஒன்று விட்டுப்போனது. விலை குறைவு என்று சிலர் இடையில் சல்பூரிக் ஆசிட்டுக்கு மாறுகிறார்கள். ஒன்று இருந்த கேனில் இன்னொன்றை ஊற்றவே கூடாது. அடர்த்தியான சல்பூரிக் ஆசிட் இதோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு கிளம்பும், அதற்கு வாசனையும் கிடையாது, மூடிய ஷெட்டில் ஆளையே சாய்த்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கேனைக் கழுவுவதும் வேண்டாம், அதில் குளோரின் வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கடைக்காரரின் கேனில் உள்ள லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வெறுமனே ஆசிட் என்று சொன்னால் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் என்று நினைத்துக்கொள்வார்கள்.