கத்தி சிவந்தவுடன் டிரிப் ஆவது ஏன்?

ஐயா, மன்னார்குடிப் பட்டறையில் ரோட்டவேட்டர் கத்திக்குப் பதமேற்றும் உங்கள் தொடர் ஒத்ததிர்வு இன்வெர்ட்டர் (காயில் வழியே உயர் அதிர்வெண் மின்னோட்டம் செலுத்திக் கத்தியைச் சூடாக்கும் கருவி), கத்தி சிவந்தவுடன் மின்னோட்டம் எகிறி டிரிப் ஆவதற்கு இன்வெர்ட்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தன்மையை இழக்கும்போது காயிலின் இண்டக்டன்ஸும் (மின்தூண்டல் திறன்) சுமைத் தடையும் சேர்ந்தே இறங்குவதால், ஒத்ததிர்வு அதிர்வெண் (காயிலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து இயல்பாக அதிரும் வேகம்) ஏறி, அதே மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டம் பாய்கிறது.

இன்வெர்ட்டருக்கும் காயிலுக்கும் இடையிலுள்ள மின்மாற்றியின் டேப்பை (சுற்று விகிதத்தை மாற்றும் இணைப்பு முனை) இப்போதுள்ள 8:1-இலிருந்து 10:1-க்கு மாற்றினால், சுற்று விகிதத்தின் வர்க்கப்படி இன்வெர்ட்டர் காணும் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) சுமார் 1.56 மடங்காகும்; மின்னோட்டம் அதற்கேற்பக் குறையும். குளிர்ந்த கத்தி சூடேறச் சற்றுத் தாமதமாகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கெப்பாசிட்டர் மின்மாற்றியின் முதன்மைப் பக்கத்தில் (இன்வெர்ட்டர் இருக்கும் பக்கம்) இருந்தால் அதிர்வெண்ணும் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். கெப்பாசிட்டரை மட்டும் மாற்றுவது (பலர் முதலில் அதைத்தான் தொடுகிறார்கள்) பெரும்பாலும் அதிர்வெண்ணைத்தான் நகர்த்தும். டேப்பைத் தொடுமுன் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இல்லை என்பதை மீட்டரால் உறுதிசெய்யுங்கள்.