ஞானஸ்நானமும் சபையும் – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் மண்டபம் பக்கத்து மீனவ கிராமத்தைச் சேர்ந்தவன். வயது 29. விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. கூடத் தொழில் செய்யும் அண்ணன் ஒருவர் கொடுத்த புதிய ஏற்பாட்டைப் படித்து, ஐந்து வருடமாக இயேசுவை விசுவாசிக்கிறேன். தினமும் ஜெபிக்கிறேன். பிரசங்கங்களை போனில் கேட்கிறேன். ஆனால் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எந்தச் சபையிலும் சேரவில்லை.

அம்மா சொல்கிறார்: "நீ எந்தச் சாமியை வேணும்னாலும் கும்பிடு. தண்ணிக்குள்ள மட்டும் எறங்கிறாத. நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க நீதான் இருக்க." இது முதல் தடை. இரண்டாவது, சிலர் தலையில் தண்ணீர் ஊற்றினால் போதும் என்கிறார்கள், சிலர் முழுகினால்தான் செல்லும் என்கிறார்கள். எது சரி என்று தெரியாமல் எப்படி எடுப்பது? மூன்றாவது, சனிக்கிழமை கடலுக்குப் போனால் ஞாயிறு காலையில்தான் கரைக்கு வருகிறோம். ஆராதனை நேரத்தில் நான் மீன் இறக்கிக்கொண்டிருப்பேன். ஒரு சபைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முன்னால் நாற்காலிகள் படகு வைத்திருப்பவர்களுக்கு, பின்னால் பாய் எங்களைப் போன்றவர்களுக்கு. மனசு விட்டுப்போச்சு. மீன்பிடித் தடைக்காலத்தில் யோசித்து முடிவெடுக்கலாம் என்று இருக்கிறேன்.

சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் இல்லாமல்தானே பரதீசுக்குப் போனான்? மனசில் விசுவாசம் இருந்தால் போதாதா?

ம., மண்டபம் அருகில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஐந்து வருடம் வீட்டில் துணை யாரும் இல்லாமல் ஜெபத்தை விடாமல் வந்திருக்கிறீர்கள். அது கர்த்தருடைய கிருபை. அதனால்தான் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஞானஸ்நானம் எடுங்கள். சபையில் சேருங்கள். இரண்டையும் நீங்கள் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். வேதத்தில் அவை பிரிந்து வரவில்லை.

பெந்தெகொஸ்தே நாளில் நடந்ததைப் பாருங்கள். பேதுருவின் வார்த்தையை ஏற்றுக்கொண்டவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள், அன்றைக்கு ஏறக்குறைய மூவாயிரம் பேர் "சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்." அடுத்த வசனமே, அவர்கள் அப்போஸ்தலருடைய உபதேசத்திலும் அந்நியோந்நியத்திலும் அப்பம் பிட்குதலிலும் ஜெபத்திலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்கிறது. தண்ணீரிலிருந்து ஏறியவர்கள் நேராக மற்றவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். ஜெபத்தைத் தனியாகச் செய்யலாம், வேதத்தைத் தனியாகப் படிக்கலாம். ஞானஸ்நானத்தை யாரும் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் கை வேண்டும். ஆண்டவர் அதை அப்படித்தான் வைத்திருக்கிறார். யோவானுடைய கையில் தம்மையே ஒப்புக்கொடுத்து அவரும் யோர்தானில் இறங்கினார்.

ஊற்றுவதா, முழுகுவதா என்ற சண்டையைப் பற்றி. எல்லாச் சபைகளிலும் இது பேசப்படுகிறது. குழந்தையில் கொடுத்தது செல்லுமா, மறுபடி எடுக்க வேண்டுமா என்று ஒரே குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் தம்பி, அந்தச் சண்டையில் முக்கால்வாசி உங்களுடையது அல்ல. நீங்கள் குழந்தையில் எந்த ஞானஸ்நானமும் பெறாதவர். ஓரியூர் கத்தோலிக்கக் கோயிலில் போய்க் கேளுங்கள், சி.எஸ்.ஐ. ஆயரிடம் கேளுங்கள், பெந்தெகொஸ்தே பாஸ்டரிடம் கேளுங்கள். இயேசுவை விசுவாசிக்கிற, இதுவரை ஞானஸ்நானம் பெறாத பெரியவர் ஒருவர் அதைப் பெற வேண்டுமா என்றால் மூவரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரின் அளவைப் பற்றி என்னைக் கேட்டால், முழுகுவதுதான் வேதத்துக்கு நெருக்கம். எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்புவும் இருவருமே தண்ணீரில் இறங்கினார்கள். கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்படுவது என்று ரோமர் 6-ல் பவுல் சொல்வதும் முழுகும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதே நேரம், அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட திடாகே என்ற சிறிய போதனை நூல், ஓடும் தண்ணீரில் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு தண்ணீரில், அதுவும் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்கிறது. தண்ணீர் குறைவு என்பதற்காக அவர்கள் யாரையும் காக்க வைக்கவில்லை. உங்கள் ஊரிலோ இரண்டு பக்கமும் கடல்.

கள்ளனைப் பற்றி. அவன் விசுவாசித்தபோது அவனுக்குக் கீழே இறங்கி வர வழியில்லை. அந்த நிலையில் அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஊரே பரிகாசம் பண்ணிக்கொண்டிருக்கும்போது இயேசுவை ஆண்டவர் என்று வாய்திறந்து சொன்னான். வெளியே தெரியாமல் விசுவாசிக்க அவனைச் சாட்சிக்கு அழைக்கவே முடியாது. பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனைப் பாருங்கள். நடுராத்திரியில் விசுவாசித்தான், அந்த இராத்திரி நேரத்திலேயே ஞானஸ்நானம் பெற்றான், விடியட்டும் என்றுகூட இருக்கவில்லை. பிற்பாடு பவுல் என்று அறியப்பட்ட சவுலிடம் அனனியா கேட்ட கேள்வியை உங்கள் புதிய ஏற்பாட்டில் கோடு போட்டு வையுங்கள்: "இப்பொழுது நீ தாமதிக்கிறதென்ன?" தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்து 61 நாள். நல்ல ஓய்வுதான். ஆனால் யோசிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஐந்து வருடம் யோசித்துவிட்டீர்கள். விசுவாசம் போதாதா என்கிறீர்கள். போதும். அந்த விசுவாசத்தைக் கொடுத்தவரேதான், "என்னை ஆண்டவரே! ஆண்டவரே! என்று நீங்கள் சொல்லியும், நான் சொல்லுகிறபடி செய்யாமற்போகிறதென்ன?" என்றும் கேட்கிறார்.

இனி அம்மா. உங்கள் கடிதத்தில் உண்மையான பாரம் இதுதான். மற்றவை அதைச் சுற்றி வந்து சேர்ந்தவை என்று எனக்குப் படுகிறது.

நம் மாவட்டத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அருளானந்தர் என்று நம் மக்கள் அழைக்கும் போர்த்துகீசியக் குருவானவர் ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். நோயிலிருந்து குணமான தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவிகள். ஒருத்தியோடு மட்டுமே வாழ வேண்டும் என்பதை அருளானந்தர் மறைக்கவில்லை, அதிகாரம் உள்ளவர் என்பதற்காகச் சலுகையும் காட்டவில்லை. தேவர் ஏற்றுக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அந்தக் கோபம்தான் ஓரியூரில் போய் முடிந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் குருவானவரின் துணிவைப் பேசுகிறோம், தேவரின் கீழ்ப்படிதலைப் பேசுகிறோம். விலக்கப்பட்ட அந்தப் பெண்களை யாரும் பேசுவதில்லை. எனக்கு அவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. ஒருவர் கீழ்ப்படியும்போது அதன் விலையில் ஒரு பங்கை, கேட்காமலே, பக்கத்தில் இருப்பவர்களும் கொடுக்க வேண்டிவருகிறது. உங்கள் விஷயத்தில் அந்தப் பங்கு அம்மாவுடையது. ஆகவே அவரை மீறிவிட்டுப் போங்கள் என்று லேசாகச் சொல்லிவிட மாட்டேன்.

முதலில், ஒளித்து எடுக்காதீர்கள். பக்கத்து ஊரில் போய் எடுத்துவிட்டு வந்து, ஏலக்கூடத்தில் யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரியவந்தால், தண்ணீரைவிட அந்த மறைப்புதான் அவரை அதிகம் காயப்படுத்தும். நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். பாஸ்டரை அழைத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள்.

அப்புறம், அவருடைய பயம் என்ன என்று கவனியுங்கள். சாமியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் மகன் இல்லாமல் போய்விடுவானோ என்பதுதான் பயம். அதற்கு நீங்கள் பதில் கொடுக்க முடியும். தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிடுகிறவர்களை இயேசு மாற்கு 7-ல் கடுமையாகக் கண்டிக்கிறார். சிலுவையில் தொங்கும்போதும் தாயை யோவான் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் உயிர்விட்டார். மருந்து, சாப்பாடு, படுக்கையில் விழுந்தால் பக்கத்தில் இருப்பது, எதிலும் குறை வராது என்று வாக்குக் கொடுங்கள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு வரும் முதல் மாதத்திலேயே அது அவருக்குத் தெரிய வேண்டும்.

கொள்ளி வைப்பது பற்றி சபையில் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். என் நிலையைச் சொல்கிறேன். இறந்தவரின் உடலை எரிப்பது பாவம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. பழைய ஏற்பாட்டில் சவுல் ராஜாவின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் யாபேஸ் ஊரார் எரித்து, எலும்புகளை அடக்கம்பண்ணினார்கள். வேறு தெய்வங்களை அழைத்துச் செய்யும் சடங்குகளை உங்கள் மனசாட்சி ஏற்காது. அதை இப்போதே அம்மாவிடமும் மாமா சித்தப்பாக்களிடமும் சொல்லிவிடுங்கள், சாவு வீட்டில் தகராறு வேண்டாம். பாடையைத் தூக்குவதற்கும், சுடுகாடு வரை முன்னால் நடப்பதற்கும், பெற்றவளுக்கு மகனாக நெருப்பு வைப்பதற்கும் எந்த வசனமும் தடையாக நிற்கவில்லை. ஆண்டவர் கட்டளையாகச் சொன்னதைச் செய்ய வேண்டும். அவர் சொல்லாததைக் கட்டளையாக்கி ஒரு தாயின் நெஞ்சில் ஏற்ற நமக்கு அதிகாரம் இல்லை.

ஞாயிறு காலை விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அறிவித்தது கி.பி. 321-ல். அதற்கு முன்னால் கிறிஸ்தவர்களுக்கு அது சாதாரண வேலைநாள், அவர்களில் அடிமைகளும் கூலிகளும் நிறைய. அவர்கள் எப்போது கூடினார்கள்? 112 வாக்கில் பித்தினியா என்ற ரோம மாகாணத்தின் ஆளுநராக இருந்த பிளினி, பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய் மறுபடி சாப்பிடக் கூடுகிறார்கள் என்று தெரிவிக்கிறான். பவுலோடு துரோவா பட்டணத்தில் அப்பம் பிட்கக் கூடியதும் இரவில்தான். அங்கே ஐத்திகு என்ற வாலிபன் தூக்கம் தாங்காமல் மாடியிலிருந்து விழுந்தான், பவுல் அவனை உயிரோடு திரும்பக் கொடுத்தார். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கூட்டத்தில் கண் அயர்ந்தால் நீங்கள் ஒன்றும் வெட்கப்பட வேண்டாம். நம் கடற்கரையில் ஞாயிறு மாலையில் கூடும் சபைகள் உண்டு, வாரநாளில் வீட்டு ஜெபக்கூட்டம் வைப்பவர்களும் உண்டு. உங்கள் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். கடல் தொழில் செய்கிறவனுக்கு நேரம் ஒதுக்க முடியாது என்று சொல்லும் சபை இந்தக் கரையில் இருக்கக் கூடாது.

நாற்காலியும் பாயும். தம்பி, அது பாவம். மென்மையாகச் சொல்ல வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, ஏழையை அங்கே நில் என்று சொன்னால் நீங்கள் தகாத சிந்தனையோடு நிதானிக்கிறவர்கள் என்று யாக்கோபு 2-ல் அப்படியே எழுதியிருக்கிறது. அந்தப் போதகரிடம் அந்தப் பகுதியைத் திறந்து காட்டிப் பேசுங்கள். திருந்தாவிட்டால் வேறு சபைக்குப் போங்கள். ஆனால் சபையே வேண்டாம் என்பதற்கு அது காரணம் ஆகாது. கொரிந்துவில் இதைவிட மோசம். கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான். இல்லாதவர்களைப் பார்த்து, நீங்கள் வீட்டிலேயே தனியாக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் எழுதவில்லை. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எல்லாரையும் ஒரே பந்திக்கு இழுத்தார். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற எபிரெயர் வசனமும் குறையில்லாத சபைக்கு எழுதப்பட்டது அல்ல.

போனில் பிரசங்கம் கேட்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நல்ல போதனை எங்கிருந்து வந்தாலும் கேளுங்கள். ஆனால் உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறது வேதம். நீங்கள் யாரை வரவழைப்பீர்கள்? சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனது. அதில் போனவரின் மனைவி கைக்குழந்தையோடு இருந்தார். அவர்கள் விசுவாசிகள் அல்ல. பக்கத்துச் சிறு சபையின் பெண்கள், பாசி எடுத்துப் பிழைக்கிறவர்கள், முறை போட்டுக்கொண்டு அந்த வீட்டில் தங்கினார்கள். கடலில் பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியபடியே வந்து உலை வைப்பார்கள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபிப்பார்கள். அவர் விடுதலையாகி வரும் வரை அது நிற்கவில்லை. ஐக்கியம் என்று நான் சொல்வது இதைத்தான். இதைப் பெறுவதற்கு மட்டுமல்ல, நாளைக்கு இன்னொரு வீட்டில் போய் இப்படி நிற்பதற்கும் உங்களுக்கு ஒரு சபை வேண்டும்.

கடைசியாக, செய்ய வேண்டியவை. உங்களுக்குப் புதிய ஏற்பாடு கொடுத்த அந்த அண்ணனிடம் முதலில் பேசுங்கள், அவர் எங்கே கூடுகிறார் என்று கேளுங்கள். போகும் சபையில் மூன்று காரியங்களைப் பாருங்கள்: வேதம் திறந்து வாசிக்கப்படுகிறதா, கூலிக்காரனும் படகுக்காரனும் ஒரே அப்பத்தில் பங்கு பெறுகிறார்களா, காணிக்கைக் கணக்கு எல்லாருக்கும் தெரிகிறதா. ஞானஸ்நானத்துக்கு யாராவது பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். சான்றிதழில் பேரை மாற்றுவது, புதுப்பேர் வைப்பது எதுவும் கட்டளை இல்லை, அம்மா வைத்த பேரிலேயே எடுக்கலாம். கடலில் எடுப்பதாக இருந்தால், கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடகடலில் அலை இருக்காது, இடுப்பளவு தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வடகிழக்கு வாடை திரும்பிவிட்டால் தென்கடல் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா வருவதாக இருந்தால் கரையில் நிற்க அவரையும் கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், முடிந்ததும் ஈரத்துணியோடு முதலில் வீட்டுக்குப் போங்கள்.

அம்மாவிடம் பேசிய பிறகு எழுதுங்கள். உங்களுக்காகவும் அவருக்காகவும் ஜெபிக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் அண்ணன்