26 சென்டா, 22 சென்டா? முதலில் நாடாவைப் பிடியுங்கள்

கேள்வி: திருவட்டாறு பக்கம் ஒரு விளையை (தோட்ட நிலத்தை) பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து ஏத்தன் (நேந்திரன்) வாழை வைக்கிறேன். நான்கு பக்கமும் வரிசையாக 150, 100, 130, 60 அடி. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கி, 26 சென்ட் என்று தரகர் சொன்னார். அதை நம்பி 310 கன்றும் அதற்கான உரமும் வாங்கிவிட்டேன். ஆறடிக்கு ஆறடி குழி எடுத்தால் 262தான் வருகிறது. 48 கன்று வெளியே கிடக்கிறது. அரை அடி நெருக்கி நட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் கன்று கொடுத்தவர். நடலாமா? (60 அடியும் 150 அடியும் சேரும் மூலையில் மோட்டார். அங்கிருந்து எதிர்மூலைக்குக் குழாய் 120 அடி பிடித்தது.)

பதில்: நெருக்க வேண்டாம். அரை அடிதானே என்று தோன்றும். ஆனால் வாழைக்கு நீங்கள் கொடுப்பது நீளத்தை அல்ல, பரப்பை. ஆறுக்கு ஆறு என்றால் ஒரு மூட்டுக்கு, அதாவது ஒரு வாழைக்கு, 36 சதுர அடி. ஐந்தரைக்கு ஐந்தரை என்றால் 30 சதுர அடிதான். ஆறில் ஒரு பங்கு மண்ணும் வெளிச்சமும் போய்விடும். நெருக்கத்தில் வாழை வெளிச்சம் தேடி உயரும், தண்டு மெலியும், இலைப்புள்ளி நோய் தோட்டம் முழுக்கப் பரவும். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது வாழைகள் பெருமளவில் சாய்ந்தன, அது வேறு. சாதாரண ஆடிக்காற்றுக்கே முதலில் சாய்வது நெருக்கி நட்ட வாழைதான்.

சரி, 48 கன்று ஏன் மிஞ்சியது? அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். உங்கள் விளை 26 சென்ட் இல்லை.

ஒரே நீளமுள்ள நாலு ஈர்க்கிலை எடுத்து முனைகளை நூலால் கட்டி ஒரு சட்டம் செய்யுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளிப் பாருங்கள். சட்டம் சாயும், உள்ளே உள்ள இடம் சுருங்கும், கடைசியில் ஒன்றுமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஈர்க்கில் நாலும் அதே நீளத்தில்தான் இருக்கும். நான்கு பக்க அளவை மட்டும் வைத்துப் பரப்பைச் சொல்லவே முடியாது என்பது இதில் தெரிந்துவிடும். தரகர் போட்ட சராசரிக் கணக்கு, நான்கு மூலையும் மூலைமட்டத்துக்கு (செங்கோணத்துக்கு) சரியாக நின்றால் மட்டும் பொருந்தும். மற்ற எந்த நாற்கோணத்திலும் அது கூட்டித்தான் காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. நிலம் விற்பவரும் பாட்டத்துக்கு விடுபவரும் அதைக் கைவிடாமல் வைத்திருப்பது சும்மா இல்லை.

உங்கள் குழாய்தான் உங்களைக் காப்பாற்றியது. மூலைக்கு மூலை 120 அடி என்றதும் விளை இரண்டு முக்கோணமாகிவிட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கம் தெரிந்தால் அது அசையாது. 150, 100, 120 அடிப் பக்கமுள்ளது சுமார் 5,980 சதுர அடி, 130, 60, 120 அடிப் பக்கமுள்ளது 3,590. ஆக 9,570. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வகுத்தால் 22 சென்ட்! இந்தப் பரப்பை 36-ஆல் வகுத்தால் 265. ஓரம் போக உங்கள் 262 குழி சரிதான்.

நீங்களே சரிபாருங்கள். குழாய்க் கோட்டின் மேல் கயிறு கட்டி, மற்ற இரண்டு மூலையிலிருந்தும் அந்தக் கயிற்றுக்கு மூலைமட்டமாக நாடா பிடியுங்கள். ஏறக்குறைய நூறும் அறுபதும் வரும். இரண்டையும் கூட்டி 120-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள். சர்வேயர் செய்வதும் இதே வேலைதான். விளை சரிவாக இருந்தால் நாடாவை மண்ணோடு படுக்கவிடாமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும், பட்டாவில் இருப்பது மட்டப் பரப்பு. போனைக் கையில் பிடித்துச் சுற்றி நடந்து அளக்கும் செயலியை இவ்வளவு சிறிய இடத்துக்கு நம்பாதீர்கள். தென்னை, ரப்பர் நிழலில் அது பல அடி தள்ளிக் காட்டும்.

அப்புறம், நிலக்காரரிடம் சர்வே எண்ணும் உட்பிரிவும் கேட்டு வாங்கிப் பட்டாவைப் பாருங்கள். அதில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். நீங்கள் எடுத்தது அந்த உட்பிரிவு முழுவதும் என்றால் 8.9 ஏர் அளவில் இருக்க வேண்டும். அந்தத் தாளோடு போய்ப் பேசுங்கள். இல்லாத நாலு சென்டுக்கு வருஷாவருஷம் பாட்டம் கொடுக்க வேண்டியதில்லை.

உரத்திலும் இதே தவறு. கடையில் போய் "26 சென்டுக்குக் கொடுங்க" என்றால் அவர் 26 சென்டுக்குத்தான் கட்டுவார், குறைத்துச் சொல்ல அவருக்கு என்ன அவசியம்? வாழைக்கு உரம் மூட்டுக் கணக்கு. குழியை எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். இப்போது மிஞ்சுவதைத் தீர்க்க வேண்டுமே என்று கொட்டாதீர்கள். யூரியாவை ஈரம் படாமல் வாய் இறுகக் கட்டி அடுத்த தவணைக்கு வையுங்கள்.

மிஞ்சிய கன்றில் பதினைந்தை நிழலில் மண் அணைத்து வையுங்கள், பட்டுப்போகும் குழிக்கு ஆகும். மீதியை இந்த வாரமே பக்கத்து விளைக்காரர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், கிழங்கு காய்ந்தால் யாருக்கும் உதவாது.