மருந்துச் சீட்டும் மகளின் பொறுப்பும்

கேள்வி: எனக்கு மிகை உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் (பைபோலார்) இருப்பதாக 4 ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து தவறாமல் மாத்திரை எடுத்துக்கொண்டு, ஆசிரியையாக வேலை பார்த்து வருகிறேன். பிரிந்து வாழும் கணவர், எங்கள் 7 வயது மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரிக் குடும்பநல நீதிமன்றத்தில் மனு செய்து, என் பழைய மருந்துச் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறார். அந்தச் சீட்டை வைத்தே மகளைப் பிரித்துவிடுவார்களா? வழக்கு முடியும்வரை மாத்திரையை நிறுத்திவிடச் சொல்கிறார் என் அண்ணன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அண்ணன் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்தி நோய் திரும்பினால், கணவர் தரப்பிடம் இன்று இல்லாத சான்றை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் இந்து என்று கொண்டு சொல்கிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிறையாதவர்), காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குழந்தையின் நலனே தலையாயது. 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்னும் 6ஆம் பிரிவு, மகளுக்கு 7 வயதாகிவிட்டதால், உங்களுக்குக் கைகொடுக்காது. ஆனால், ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிந்த ஒரே காரணத்துக்காக, தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தாலன்றி, அவரைச் சித்த சுவாதீனம் அற்றவராகக் கொள்ளக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மனைவிக்கு மனச்சிதைவு எனக் கூறி ஒரு கணவர் விவாகரத்து கேட்ட வழக்கில், நோயின் பெயர் போதாது, அதன் கடுமையைப் பார்க்க வேண்டும் என்று 1988இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது விவாகரத்து வழக்குதான்; என்றாலும் அந்த அளவுகோலை உங்கள் வழக்கறிஞர் இங்கும் எடுத்துக்காட்டலாம்.

கணவரின் மனுவுக்குப் பதிலாக நீங்கள் தாக்கல் செய்யும் எதிருரையில் நோயை மறைக்க வேண்டாம். சீட்டு ஏற்கெனவே வழக்குக் கோப்பில் இருக்கிறது. இல்லையென்று சாதித்துக் குறுக்கு விசாரணையில் அகப்பட்டால், நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகும். இப்போதைய உடல்நிலை குறித்து மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். அதோடு மகளின் பள்ளி டைரியில் நாள்தோறும் நீங்கள் போட்டுவந்த கையெழுத்து, தடுப்பூசி அட்டை, உங்கள் வருகைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றையும் சேருங்கள். குழந்தையை யார் வளர்த்து வருகிறார் என்பதை அவை வாதத்தைவிட நன்றாகச் சொல்லும்.

நோய் கூடும் நாட்களில் மகளை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வி நிச்சயம் வரும். பலரும் தடுமாறுவது இங்கேதான். உங்கள் தாயாரோ உடன்பிறந்தவரோ அப்பொறுப்பை ஏற்பதாகப் பிரமாணப் பத்திரம் தரட்டும். தந்தை மகளைப் பார்க்க வருவதில் உங்களுக்கு மறுப்பில்லை என்றால், அதையும் எதிருரையிலேயே எழுதிவிடுங்கள்.