ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும்போது படிப்பையும் ஊர் சுற்றிப் பார்ப்பதையும் எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஏற்கெனவே பதில் எழுதியிருக்கும் ஒருவர், “வாரக் கடைசியில் ரயிலிலேயே படித்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் பதினாறு நாடு பார்த்தேன்” என்று சொல்லியிருக்கிறார். ரயிலில் படிக்கலாம் என்று நம்பித்தான் நான் நாசமாய்ப் போனேன். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் அக்டோபரில் சேரப்போகிறீர்கள், பேங்க் லோன் இருக்கிறது, வீட்டில் “படிப்பு மட்டும்தான்” என்று சத்தியம் செய்துவிட்டு ராத்திரி ஸ்விட்சர்லாந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2021-இல் கரூரிலிருந்து டார்ட்மண்ட் கிளம்பியபோது நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் காலேஜில் இன்டர்னல், மாடல் எக்ஸாம், 75 சதவீத அட்டெண்டன்ஸ் என்று யாராவது பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பெரும்பாலான பாடங்களுக்குக் கடைசியில் ஒரே ஒரு தேர்வு, அவ்வளவுதான். வகுப்புக்குப் போகாவிட்டாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாழ்க்கையே லீவு மாதிரி இருக்கும். பிப்ரவரியில் நான்கு தேர்வு வரிசையாக வந்து நிற்கும்போதுதான் தெரியும். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 30 மணி நேர உழைப்பு என்பது அவர்கள் கணக்கு. மொத்தம் 900 மணி நேரம். ஆறு மாதத்துக்குப் பரப்பினால் வாரம் 35 மணி நேரம்கூட வராது, சனி ஞாயிறு தாராளமாக ஊர் சுற்றலாம். நாங்கள் யாரும் பரப்பவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் ஜெர்மனி முழுக்க 9 யூரோ டிக்கெட் விட்டார்கள். மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுவதும் லோக்கல் பஸ், டிராம், சாதாரண ரயில் எல்லாவற்றிலும் போகலாம், தொலைதூர விரைவு ரயில்களில் மட்டும் ஏற முடியாது. கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலை நடுவில் முடியும், அதற்குப் பிறகு தேர்வுகள். டிக்கெட் விட்ட நேரத்தைப் பாருங்கள்.

எனக்கு ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை 9 மணிக்கு கன்ட்ரோல் தியரி பாடத் தேர்வு. சனிக்கிழமை நாங்கள் நான்கு பேர் பெர்லின் கிளம்பினோம். மின்டன், ஹனோவர், பிரவுன்ஷ்வைக், மக்டபர்க் என்று மாறி மாறிப் போக வேண்டும். பையில் நோட்ஸ், டேப்லட், ஹைலைட்டர் எல்லாம் எடுத்துவைத்தேன். ஏறிப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு மாதிரி கூட்டம். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தரையில் உட்கார்ந்தபடி, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் நோட்ஸ். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சைக்கிள்காரருக்கு எழுந்து வழிவிட வேண்டும். ஹனோவர் வருவதற்குள் நான் படித்தது ஒன்றரைப் பக்கம்.

பெர்லினில் பிராண்டன்பர்க் வாசல் முன்னால் போட்டோ எடுத்தோம். சுவரில் ஓவியம் வரைந்து வைத்திருக்கும் ஈஸ்ட் சைட் கேலரியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தோம், 1.3 கிலோமீட்டர். நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் இருக்கும் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் போனால், இலவசம்தான், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டுமாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம்.

ஞாயிறு இரவு திரும்பும்போது ஒரு ரயில் தாமதம். மின்டனில் இறங்குவதற்குள் டார்ட்மண்ட் போகும் கடைசி ரயில் போய்விட்டது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் சாக்லேட், சிப்ஸ் போடும் மெஷின் ஒன்று ராத்திரி முழுக்க ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருந்தது. ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் இரண்டு மணிக்கு மேல் குளிரில் கால் விறைத்தது. அந்த மெஷின் வெளிச்சத்தில், கன்ட்ரோல் தியரியில் வரும் நைக்விஸ்ட் வரைபடம் படித்தேன். படித்தேன் என்று சொல்லக் கூடாது, பார்த்துக்கொண்டிருந்தேன். காலை வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டு நேரே தேர்வு. முதல் கேள்வியே நைக்விஸ்ட். ராத்திரி பார்த்த அதே பக்கம் கண்ணுக்கு முன்னால் வருகிறது, ஓரத்தில் பூசிய மஞ்சள் ஹைலைட்டர்கூடத் தெரிகிறது, எழுதியிருப்பது மட்டும் தெரியவில்லை.

5.0. அங்கே 1.0 தான் முதல் மார்க், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில்.

“ஃபெயில் ஆனவனெல்லாம் அட்வைஸ் சொல்ல வந்துட்டான்” என்று கமெண்ட் போடப்போகிறவர்களுக்கு: மற்ற பாடங்களில் எனக்குப் பெரும்பாலும் ஒன்றில் தொடங்கும் மார்க்தான். நான் படிக்காதவன் இல்லை. ஊர் சுற்றவே கூடாது என்றும் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் புரிந்துகொள்ளாதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போச்சு, கூடவே விசாவும் ஆட்டம் காணும். நான் அடுத்த முறையில் 3.7 வாங்கித் தப்பித்தேன். ஆனால் அந்தப் பாடம் முடியாமல் தீசிஸ் தொடங்க விடவில்லை, ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் வங்கிக் கணக்கு) காட்டச் சொன்ன தொகை அப்போது மாதத்துக்கு 934 யூரோ. ஆறு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து லட்ச ரூபாய்க்கு மேல். அப்பாவிடம் நான் சொன்ன காரணம் வேறு. அதை இங்கே எழுதமாட்டேன், அவரும் இந்தத் தளம் படிக்கிறார்.

அப்புறம் எப்படிச் சமாளித்தேன் என்றால், வகுப்பு நடக்கும் மாதங்களில் தூரமாகப் போவதை விட்டேன். மாணவர்களுக்குக் கொடுக்கும் செமஸ்டர் டிக்கெட்டிலேயே அப்போது மாநிலம் முழுக்கப் போக முடிந்தது. மத்தியானம் வகுப்பு முடித்துக் கிளம்பினால் கொலோன் போய் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அங்கே தேவாலயக் கோபுரத்துக்கு 533 படி. பழநி ஏறியவர்களுக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் சுருள் படி, தலை சுற்றும். ஹம் நகரத்தில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது. தொழிற்சாலைகளுக்கு நடுவே திடீரென்று ராஜகோபுரம். 5.0 வந்த வாரம் யாரிடமும் சொல்லாமல் அங்கே போனேன். ஓரமாக உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு அம்மா வந்து “தம்பி, சாப்பிட்டிட்டீங்களோ?” என்று கேட்டார். ஐரோப்பாவில் எத்தனையோ பார்த்தேன், இன்னும் நினைவில் நிற்பது அதுதான்.

தூரத்து ஊர்களை மார்ச் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்து ஏப்ரலில் வகுப்பு தொடங்குவதற்குள் பெரும்பாலும் இரண்டு வாரம் கிடைக்கும். ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (பொது விசா முறையில் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) ஊர் சுற்றப் போகத் தனி விசா வேண்டாம். பாஸ்போர்ட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். லண்டன் அதில் சேராது, டிக்கெட் போட்டுவிட்டு முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். யாருடன் போகிறீர்கள் என்று பார்த்துப் போங்கள். 2023 மார்ச்சில் பிராக் போனபோது நால்வருக்கும் அறை வாடகையை நான் கட்டினேன். ஒருவன் பங்கு 38 யூரோ. “நாளைக்கு அனுப்புறேன் மச்சி” என்றான். இப்போது மியூனிக்கில் வேலை, போன மாதம் புதுக் காருக்குப் பூஜை போட்டு ஸ்டேட்டஸ் வைத்தான். அதற்கு லைக் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை நினைத்தால்தான் எரிச்சல்.

பெர்லினில் பார்க்காமல் விட்ட அந்தக் கண்ணாடிக் குவிமாடத்துக்குப் படிப்பெல்லாம் முடிந்த பிறகு ஒரு பிப்ரவரியில் முறையாகப் பதிவு செய்து போனேன். ஊரெல்லாம் மூடுபனி. மேலே ஏறி நின்றால் பக்கத்திலேயே இருக்கும் பிராண்டன்பர்க் வாசல்கூடக் கண்ணுக்குப் படவில்லை.