3 மாத டப்பா வாங்கும் முன் மார்க் போட்டுப் பாருங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 9 வயது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே, மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் பொடியும் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தோம். ஒரு மாதம் ஆகிறது. நன்றாகத் தேறிவிட்டான் என்கிறேன் நான். அப்படியேதான் இருக்கிறான் என்கிறார் என் கணவர். 3 மாத டப்பா எடுத்தால் தள்ளுபடி என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இப்போது வேண்டாம். தள்ளுபடி எங்கும் ஓடிப்போகாது. மாத்திரையையும் பொடியையும் ஒரே நாளில் தொடங்கிவிட்டீர்கள். அவன் தேறியிருந்தாலும் அது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் வெறும் கண்ணை நம்பக் கூடாது. 2012-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, மருந்தே இல்லாத போலி மாத்திரை தின்ற 58 நாய்களைப் பற்றியது. கால் எவ்வளவு எடையை ஊன்றுகிறது என்பதைத் தரையில் பதித்த ஃபோர்ஸ் பிளேட் கருவி அளந்தது. கருவி காட்டாத முன்னேற்றத்தை வளர்ப்பவர்கள் சுமார் 40 சதவீதம் முறை கண்டார்கள். கால்நடை மருத்துவர்களும் ஏறத்தாழ அதே அளவு ஏமாந்தார்கள்! இன்னொன்று, இந்த வலி தானாகவே ஏறி இறங்கும். மோசமான வாரத்தில்தான் நாம் கடைக்கு ஓடுகிறோம். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். பெயர் பொடிக்குப் போகும்.

ஃபோர்ஸ் பிளேட் வீட்டில் இருக்காது, சரி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான 'கேனைன் ப்ரீஃப் பெயின் இன்வென்டரி' என்ற கேள்வித்தாள் இலவசமாகவே கிடைக்கிறது. கடந்த 7 நாளை நினைத்து 0 முதல் 10 வரை மார்க் போட வேண்டும். வலி எவ்வளவு என்று 4 கேள்வி. படுத்த இடத்திலிருந்து எழுவது, நடப்பது, ஓடுவது, படி ஏறுவது போன்றவற்றுக்கு அந்த வலி எவ்வளவு தடையாக இருக்கிறது என்று 6 கேள்வி. வலியின் சராசரி குறைந்தது 1, தடையின் சராசரி குறைந்தது 2 இறங்கினால்தான் சிகிச்சை பலித்ததாக ஆய்வுகளில் கணக்கு வைக்கிறார்கள். அரை மார்க் இறங்கியதற்கெல்லாம் பணம் கொடுக்காதீர்கள்.

எப்போதும் ஒருவரே போடுங்கள், பழைய தாளைப் பார்க்காமல். உங்கள் கணவர் போடட்டும். பொடியின் மேல் அவருக்குப் பாசம் இல்லை. கூடவே உங்கள் நாய்க்கே உரிய இரண்டு மூன்று வேலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் எழுந்து நிற்பது, காரில் ஏறுவது இப்படி. அதே இடத்தில், அதே நேரத்தில் போனில் வீடியோ எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. இன்று ஒரு மார்க் போட்டுவிட்டுப் பொடியை மட்டும் ஒரு மாதம் நிறுத்துங்கள், பிறகு மறுபடி போடுங்கள். பொடி உதவியிருந்தால், நிறுத்தியதும் மார்க் ஏற வேண்டும். டாக்டர் தந்த மாத்திரையில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

என் கணிப்பு, மார்க் அசையாது. 2022-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நாய்களின் மூட்டு வலிக்குக் குளுக்கோசமைன், அதோடு சேர்த்து விற்கப்படும் கான்ட்ராய்டின் வகைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே முடித்தது. ஒமேகா-3 அதில் தேறியது. உங்கள் லாப்ரடார் குண்டா? அப்படியானால் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. உடல் எடையில் 6 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்ததுமே நொண்டல் குறைந்ததாக 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. 36 கிலோ நாய்க்கு அது 2 கிலோ சொச்சம்தான்.

கேள்வி: டப்பாவில் 'தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கேட்க ஆளில்லையா?

பதில்: இருக்கிறது. பில்லையும் டப்பாவின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.