பழைய டயர் வாங்கும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்: டயரும் காற்றும் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: என் கார் டயரின் அளவு 165/80 ஆர்14. நான்கும் தேய்ந்துவிட்டன. புதியது ஒன்று 4,600 ரூபாய் சொல்கிறார்கள். பழைய டயர் கடையில் 2,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். "பட்டன் நன்றாக இருக்கிறது, இன்னும் பாதி ஆயுள் உண்டு" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பட்டன் என்பது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பர்; புதிய கார் டயரில் அதன் ஆழம் பெரும்பாலும் 8 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயரோடு காரைச் சாலையில் ஓட்டக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 94ஆம் விதி. ஆகவே, நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது இடையில் உள்ள 6.4 மில்லிமீட்டரைத்தான். 'பாதி ஆயுள்' என்று காட்டப்படும் டயரில் 4 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால், உங்களுக்கு ஓடக் கிடைப்பது வெறும் 2.4 மில்லிமீட்டர். புதிய டயரில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 720 ரூபாய் தருகிறீர்கள். பழையதில் 830 ரூபாய்க்கும் மேல். மாட்டும் கூலியும் பேலன்சிங் (சக்கரம் அதிராமல் எடையைச் சமன்செய்தல்) செலவும் இரண்டுக்கும் ஒன்றுதான், பழையது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் அந்தச் செலவு மறுபடியும் வரும். இதில் எது மலிவு?

2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. எனவே உங்களிடம் சொன்ன விலை எப்போதையது என்று கேட்டுவிட்டு, இரண்டு மூன்று கடைகளில் விசாரியுங்கள்.

நான்கு டயரையும் மாற்ற வேண்டிய நிலையில் இருப்பவருக்குப் பழையதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே ஒரு டயர் குழியில் விழுந்து கிழிந்துவிட்டது, மற்றவை பாதி தேய்ந்திருக்கின்றன என்றால், அதே கம்பெனியில் அதே வகையில் அதே அளவுக்குத் தேய்ந்த ஒன்று கிடைத்தால் வாங்கலாம். புதிய கார் வாங்கியவுடனே அலாய் வீலுக்கும் அகலமான டயருக்கும் மாறுகிறவர்கள் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் டயர்களும் உண்டு. அவை அதிகம் ஓடியிருக்காது. அப்படி ஒன்று கிடைத்தால் நல்லதுதான்.

ஆனால் பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையானாலும் சரி, உங்கள் தெருமுனைப் பஞ்சர் கடையானாலும் சரி, பட்டனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ரிம்மில் மாட்டிய நிலையில் காட்டினால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கையை உள்ளே விட்டு, பக்கவாட்டின் உட்புறத்தை முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். நல்ல டயரில் அந்தப் பகுதி சீராகவும் ஒரே நிறத்திலும் இருக்கும். காற்று குறைந்த நிலையில் நெடுந்தூரம் ஓடிய டயரில், பக்கவாட்டைச் சுற்றி ஒரு வளையம் தட்டுப்படும். அங்கே ரப்பர் சுருங்கிச் சொரசொரவென்று இருக்கும், விரலில் கறுப்புப் பொடி ஒட்டும். மோசமானதாக இருந்தால் உள்ளே இருக்கும் நூலே தெரியும். முன்பு வைத்திருந்தவர் காற்றைக் கவனிக்காமல் ஓட்டினார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வெளியே பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த டயரின் பலம் போய்விட்டது. நெடுஞ்சாலையில் திடீரென்று வெடிக்கக் கூடியது இத்தகைய டயர்தான். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உள்ளே கைவிட்டிருக்கும்போதே ஒட்டுகளையும் எண்ணிவிடுங்கள். பட்டன் பகுதியின் நடுவில், உள்பக்கமாகக் காளான் வடிவ ஒட்டு ஒன்று ஒழுங்காகப் போடப்பட்டிருந்தால் குற்றமில்லை. ஓரத்திலோ பக்கவாட்டிலோ ஒட்டு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓடும்போது அந்த இடம் ஓயாமல் மடங்கி விரிவதால் எந்த ஒட்டும் அங்கே நிலைக்காது.

இன்னொரு மோசடியையும் சொல்ல வேண்டும். வழுவழுவென்று தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் பூசி விற்கிறார்கள். கார் டயரில் அப்படி வெட்டுவதற்குக் கனமே கிடையாது. கத்தி கொஞ்சம் இறங்கினாலும் ரப்பருக்கு உள்ளே இருக்கும் கம்பிப் பட்டையைத் தொட்டுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டயரின் ஓரத்தில் சிறிய முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு இருக்க வேண்டும். 1.6 மில்லிமீட்டர் எல்லையைக் காட்டும் மேடு அது. மேட்டையே காணோம் என்றாலோ, அது பாதி சீவப்பட்டிருந்தாலோ, பள்ளத்தின் ஆழம் இடத்துக்கு இடம் மாறினாலோ, கத்தி பட்ட டயர் என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஓட்டாமலே குடோனில் இருந்த டயர், வயதைப் பார்க்க வேண்டியதில்லை என்கிறார்கள். உண்மையா? வயதை எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் தயாரானது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். காரில் மாட்டியபின் அது உட்பக்கம் போய்விடும், அதனால் மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ரப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமையடையும். காற்றில் உள்ள ஆக்சிஜனும் வெப்பமும் அதை இறுகச் செய்துவிடும். வெயில் படாத இடத்தில் வைத்த டயர் மெதுவாக முதுமையடையும் என்பது சரி, வயதே ஆகாது என்பது சரியல்ல. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதியுங்கள், பத்து ஆண்டுகள் ஆனால் பட்டன் இருந்தாலும் எறிந்துவிடுங்கள் என்று பெரிய டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு நான் இன்னும் கறாராக இருப்பேன்: நான்கு ஆண்டுக்கு மேல் வயதான பழைய டயரை விலை கொடுத்து வாங்காதீர்கள். டிக்கியில் பல ஆண்டுகளாகத் தூங்கும் உங்கள் ஸ்டெப்னியின் எண்ணையும் இன்றே பார்த்துவிடுங்கள். டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கத்திரி வெயிலில் காற்று விரிவடையும், ஆகவே 26 மட்டும் வைத்தால் போதும் என்கிறார் என் மைத்துனர். டயரிலோ அதிகபட்சம் 44 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) என்று அச்சிட்டிருக்கிறது. பெட்ரோல் பங்கில் கேட்டால் எல்லாக் காருக்கும் 35 வைக்கிறார்கள். எதைக் கேட்பது? (வாசகி, விழுப்புரம்)

பதில்: மூன்றையும் கேட்காதீர்கள், அம்மா. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்பக்கம் இருக்கும். அதில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் எவ்வளவு காற்று என்று உங்கள் காரின் எடைக்கு ஏற்பப் போட்டிருப்பார்கள். அதுதான் உங்கள் அளவு. 220 கே.பி.ஏ. என்றோ 2.2 பார் என்றோ இருந்தால் 32 பி.எஸ்.ஐ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் மேலே உள்ள 44 அந்த டயர் தாங்கும் உச்ச அளவு மட்டுமே. அவ்வளவு வைத்தால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு, நடுவிலேயே தேயும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

உங்கள் மைத்துனர் சொல்வதுதான் மிகவும் ஆபத்தானது. நல்லெண்ணத்தில் பலரும் இதைச் சொல்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்குகிறது. கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடாகி ஒடிவதில்லையா? அதேதான் இங்கேயும் நடக்கிறது. வெயிலால் ஏறும் காற்றழுத்தம் டயருக்குப் பெரிய பாரமில்லை; ஏறக்குறைய 6 டிகிரி செல்சியசுக்கு ஒரு பி.எஸ்.ஐ.தான் கூடும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் ஸ்டிக்கர் அளவை நிர்ணயித்திருக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்தால், மடங்குவதால் எழும் சூடும் சாலைச் சூடும் ஒன்றுசேர்ந்துவிடும்.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் இருந்தவை. ஓடும்போதே பட்டன் பகுதி உரிந்து, வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். டெக்சாஸ், ஃப்ளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில்தான் விபத்துகள் அதிகம். டயரின் தயாரிப்புக் குறையா, வண்டியின் குறையா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. அந்த வண்டிக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த 26 பி.எஸ்.ஐ. காற்றும் அந்த வழக்காடலின் மையத்தில் இருந்தது. காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அங்கே புதிய கார்களில் கட்டாயமானதற்கு அந்தத் துயரம்தான் காரணம். உங்கள் காரில் அந்த விளக்கு இருந்தாலும் அதையே நம்பியிருக்காதீர்கள். அது எரியும் நேரத்தில் காற்று ஏற்கெனவே வெகுவாகக் குறைந்திருக்கும்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். காலையில், வீட்டுக்குப் பக்கத்துப் பங்கில் அளப்பதே சரி. ஓடி வந்த சூட்டில் அளந்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் அளவுக்குக் கீழே போய்விடும். சூட்டிலேயே ஸ்டிக்கர் அளவைவிடக் குறைவாகக் காட்டினால் உண்மையில் இன்னும் குறைவு என்று அர்த்தம். அந்த அளவுக்கு மேல் மூன்று நான்கு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுநாள் காலை சரிபாருங்கள்.

பஞ்சர் இல்லாத டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இழக்கும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளப்பது நல்லது. குடும்பத்தோடு ஐந்து பேரும் மூட்டைகளுமாக வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ புறப்பட்டால், அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் அளவைப் பிடியுங்கள். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், பெட்ரோல் போடாவிட்டாலும் இலவசம். அங்குள்ள கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற ஐயம் இருந்தால் சொந்தமாக ஒரு அளவி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் காற்று நல்லதா? (வாசகர், கரூர்)

பதில்: கெடுதல் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, அவ்வளவே. அதற்காகக் காசு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அளக்காமல் விடுபவரைவிட, இலவசக் காற்றைத் தவறாமல் அளப்பவரின் டயர் நன்றாக இருக்கும். வழியில் குறைந்தால் சாதாரணக் காற்றையே சேர்த்துப் பிடிக்கலாம்.

கேள்வி: இரண்டு புதிய டயர் மட்டும் வாங்குகிறேன். முன்சக்கர இழுவைக் கார் என்பதால் முன்னால்தான் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பின்னால் போடச் சொல்லுங்கள். முன்டயர் சீக்கிரம் தேயும் என்பது உண்மை, மெக்கானிக் அதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய வளைவில் முன்சக்கரம் வழுக்கினால், கார் நேராகப் போகப் பார்க்கும். அது ஸ்டியரிங்கில் உங்களுக்குத் தெரியும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், பயிற்சி இல்லாதவர் அதை மீட்பது கடினம். நல்ல பட்டன் பின்னால் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பின்னாலிருந்து கழற்றியதை முன்னால் மாட்டலாம். ஒரே அச்சில் இரு பக்கமும் ஒரே வகை டயர்தான் இருக்க வேண்டும். பழைய முன்டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் நீங்கள் இத்தனை நாள் குறைந்த காற்றில் ஓட்டியிருக்கிறீர்கள்.

கேள்வி: புதியது என்று சொல்லி விற்ற டயரின் உட்புறம் ஒட்டு இருப்பதைப் பஞ்சர் போடும்போதுதான் பார்த்தேன். பில் தரவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா? (வாசகர், வேலூர்)

பதில்: முடியும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக முறை என்று தெளிவாக இருக்கிறது. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. எனவே பில் இல்லாதது உங்கள் குற்றமல்ல, கடைக்காரருடைய குற்றம்.

முதலில் கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பணம் கொடுத்ததற்கு ஜிபே, வங்கிக் கணக்கு போன்ற எந்தப் பதிவு இருந்தாலும் எடுத்துவையுங்கள். தேதி எண்ணும் ஒட்டும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள், பஞ்சர் போட்டவரிடம் நடந்ததை எழுதி வாங்குங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அதுவரை அந்த டயரைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆணையம் பரிசோதனைக்குக் கேட்டால் அதைத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.